புதிய கோட்பேஸில் வேண்டிய ஃபைலைக் கண்டுபிடிப்பது எப்படி?

அடுத்தவர் எழுதிய கோடில் ஒரு சின்ன மாற்றம் கேட்பார்கள். மாற்றம் என்னவோ இரண்டு வரிதான் இருக்கும். அந்த இரண்டு வரி எந்த ஃபைலில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். என் வேலை முழுக்கப் பராமரிப்பு வேலை. எழுதியவர்கள் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள், கேட்க ஆள் இருக்காது. அதனால் தேடுவதை ஒரு தனித் திறமையாகவே மதிக்கிறேன். எங்கள் டீமுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளை முதல் வாரமே உட்கார வைத்து இதைத்தான் சொல்லித் தருகிறேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

கருவியின் பெயர் ரிப்கிரெப். ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016-இல் வெளியிட்டது. யூனிக்ஸில் கென் தாம்சன் எழுதிய பழைய கிரெப் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது: ஒரு சொல்லைக் கொடுத்தால், அது எந்த ஃபைலில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டும். கோட் தேடுகிறவர்களின் தேவை தெரிந்து செய்யப்பட்டது என்பதுதான் வித்தியாசம். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தானே இறங்கும், கிட்இக்னோரில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல்) இருக்கும் குப்பையைத் தொடாது, படம் போல எழுத்தாக இல்லாத பைனரி ஃபைல்களைத் தவிர்க்கும், வேகமும் அசாத்தியம். விஎஸ் கோட் எடிட்டரின் தேடல் பெட்டிக்குப் பின்னால் 2017 முதல் ஓடுவதும் இதுவே. ஆகவே டெர்மினல் பக்கமே போகாதவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

நிறுவுவது சுலபம். உபுண்டுவில் ஆப்ட், மேக்கில் ஹோம்ப்ரூ, விண்டோஸில் வின்கெட் அல்லது சாக்லேட்டி. நிறுவும்போது ரிப்கிரெப் என்ற முழுப்பெயர்; ஓட்டும்போது ஆர், ஜி என்ற இரண்டு எழுத்து மட்டும். நிறையப் பேர் இந்த இடத்திலேயே 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வாங்கிக்கொண்டு நிற்பார்கள். இந்தக் குறிப்பில் கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து என்று நான் சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து.

சரி, கற்பனையான உதாரணம் வேண்டாம். ஜாங்கோவை எடுத்துக்கொள்வோம். பைத்தானில் எழுதப்பட்ட வெப் ஃப்ரேம்வொர்க், ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் க்ளோன் செய்யலாம், அதாவது கிட் வழியாகப் பிரதி எடுத்து இறக்கலாம். நான் சொல்லும் விவரங்கள் 4.2 பதிப்புக்கானவை, அதனால் க்ளோன் செய்த பிறகு 'கிட் செக்அவுட் 4.2' என்று அடித்துக்கொள்ளுங்கள். முழு வரலாற்றோடு க்ளோன் செய்யுங்கள். டெப்த் 1 என்று போட்டு இறக்கினால் கடைசியில் சொல்லப்போகும் பகுதி வேலை செய்யாது.

நமக்கு வந்த டிக்கெட், அதாவது வேலைக் கோரிக்கை, இப்படி: பயனர் கணக்குத் தொடங்கும்போது, 'திஸ் பாஸ்வேர்ட் இஸ் டூ ஷார்ட். இட் மஸ்ட் கன்டெய்ன் அட் லீஸ்ட் 8 கேரக்டர்ஸ்' என்று ஒரு செய்தி வருகிறது. அந்த 8 எங்கிருந்து வருகிறது?

எதைத் தேடுவது

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. திரையில் பார்த்த வாக்கியத்தை முழுசாகக் காப்பி செய்து, தேடலில் ஒட்டித் தட்டுவார்கள். ஒன்றும் வராது. உடனே 'இந்த ரெப்போவிலேயே இல்லை சார்' என்பார்கள். இருக்கிறது. ஆனால் கோடில் அந்த வாக்கியம் திரையில் தெரிந்த வடிவில் இல்லை.

முதலாவதாக, 8 என்ற எண் கோடில் இல்லை. அதன் இடத்தில் சதவீதக் குறி, அடைப்புக்குள் மின்_லெங்த், பிறகு டி என்ற எழுத்து என்று ஓர் இடம்பிடி இருக்கிறது. ஓடும்போதுதான் எண் வந்து உட்காரும். இரண்டாவதாக, வரி நீளமாகிவிடும் என்பதற்காக வாக்கியத்தை 'அட் லீஸ்ட்' என்ற இடத்தில் வெட்டி இரண்டு வரியாக எழுதியிருக்கிறார்கள். ரிப்கிரெப் வழக்கமாக ஒவ்வொரு வரியாகத்தான் பார்க்கும். வரி தாண்டி ஓடும் வாக்கியம் அதற்குத் தெரியாது. மூன்றாவதாக, ஒருமைக்கு 'கேரக்டர்', பன்மைக்கு 'கேரக்டர்ஸ்' என்று ஒரே செய்தி இரண்டு வடிவில் இருக்கிறது.

ஆகவே எண், பெயர், தேதி எதுவும் கலக்காத ஒரு துண்டை எடுங்கள். மூன்று நான்கு சொல் போதும். வேறு எங்கும் வர வாய்ப்பில்லாத சொல்லாக இருந்தால் இன்னும் நல்லது. 'பாஸ்வேர்ட்' என்று மட்டும் தேடினால் ஜாங்கோ முழுவதும் வந்து கொட்டும். 'எரர்' கேட்கவே வேண்டாம். 'பாஸ்வேர்ட் இஸ் டூ ஷார்ட்' சரியான அளவு.

முதலில் பெயர்ப் பட்டியல், அப்புறம் உள்ளடக்கம்

ஆர்ஜி -எல் 'பாஸ்வேர்ட் இஸ் டூ ஷார்ட்'

அந்த எல், லிஸ்ட் என்பதன் எல். எண் ஒன்று அல்ல. இதைப் போட்டால் வரிகளைக் கொட்டாமல் ஃபைல் பெயர்களை மட்டும் காட்டும். எடுத்த எடுப்பில் வரிகளைப் படிக்கத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெயர்களைப் பார்த்தாலே எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துவிடும்.

இப்போது திரையில் பிஓ என்று முடியும் ஃபைல்கள் வரிசை கட்டி நிற்கும். மொழிபெயர்ப்பு ஃபைல்கள். ஜாங்கோ பல மொழிகளில் வருவதால், இந்த ஒரே ஆங்கில வாக்கியம் ஒவ்வொரு மொழியின் லொகேல் ஃபோல்டருக்குள்ளும் இருக்கிறது. நமக்கு வேண்டியவை இந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டுதான். வடிகட்ட இரண்டு வழி. இந்த வகை மட்டும் போதும் என்று சொல்லலாம்:

ஆர்ஜி -எல் -டி பிஒய் 'பாஸ்வேர்ட் இஸ் டூ ஷார்ட்'

அல்லது இந்த வகை வேண்டாம் என்று சொல்லலாம். அதற்கு -ஜி போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் ஆச்சரியக்குறி, நட்சத்திரம், புள்ளி பிஓ. அந்த ஆச்சரியக்குறிக்கு 'தவிர' என்று பொருள். இரட்டை மேற்கோள் போட்டால் டெர்மினலில் நாம் அடிப்பதைப் படிக்கும் பாஷ் ஆச்சரியக்குறியைத் தன் கட்டளையாக எடுத்துக்கொள்ளும், அதனால்தான் ஒற்றை மேற்கோள். விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்டில் மட்டும் இதற்கு நேர் எதிர், இரட்டை மேற்கோள்தான் அங்கே செல்லும்.

வடிகட்டியதும் பட்டியல் சுருங்கிவிடும். அதில் ஜாங்கோ/கான்ட்ரிப்/ஆத் ஃபோல்டருக்குள் பாஸ்வேர்ட்_வேலிடேஷன் என்ற ஃபைல் இருக்கும். டெஸ்ட்ஸ்/ஆத்_டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் டெஸ்ட்_வேலிடேட்டர்ஸ் என்ற ஃபைலும் இருக்கும். நான் முதலில் டெஸ்ட் ஃபைலைத்தான் திறப்பேன். ஒரு கோடை எப்படிக் கூப்பிட வேண்டும், என்ன கொடுத்தால் என்ன வரும் என்பதை டெஸ்ட் எழுதியவர் நமக்காகவே எழுதி வைத்தது போல இருக்கும். அதன் பிறகு அசல் ஃபைலைத் திறந்தால் மினிமம்லெங்த்வேலிடேட்டர் (இதில் எம், எல், வி மூன்றும் பெரிய எழுத்து) என்ற கிளாஸ், அதன் கன்ஸ்ட்ரக்டரில் மின்_லெங்த் சமம் 8. நாம் தேடிய எண்.

இங்கே ஒரு சின்ன விஷயம். அந்த இடம்பிடியை அப்படியே தேட நினைத்தால் ஒன்றும் கிடைக்காது. ரிப்கிரெப் நம் தேடலைப் படிக்கும் குறிமொழியான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் அடைப்புக்குறிக்குத் தனி அர்த்தம் இருப்பதால், அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளாமல் குழுவாகப் புரிந்துகொள்ளும். பெரிய எஃப் போடுங்கள், -எஃப். நான் கொடுப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடு என்று அர்த்தம். புள்ளி, அடைப்பு, டாலர், நட்சத்திரம் எது இருந்தாலும் யோசிக்காமல் பெரிய எஃப்.

யார் கூப்பிடுகிறார்கள்

எண் கிடைத்துவிட்டது என்று அங்கேயே மாற்றப் போகாதீர்கள். ஃப்ரேம்வொர்க்கின் ஃபைலில் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் போய்விடும். இந்த கிளாஸை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எடிட்டரில் வலது க்ளிக் செய்து 'ஃபைண்ட் ரெஃபரன்சஸ்' கேட்டால், அசல் பயன்பாடு அதில் வராது. காரணம், ஜாங்கோ இதை நேரடியாக இம்போர்ட் செய்வதில்லை. செட்டிங்ஸில் ஆத்_பாஸ்வேர்ட்_வேலிடேட்டர்ஸ் (எல்லாமே பெரிய எழுத்து) என்ற பட்டியலுக்குள் 'ஜாங்கோ.கான்ட்ரிப்.ஆத்.பாஸ்வேர்ட்_வேலிடேஷன்.மினிமம்லெங்த்வேலிடேட்டர்' என்று முழுப் பாதையும் வெறும் எழுத்துச் சரமாக இருக்கிறது. ஓடும்போது இம்போர்ட்_ஸ்டிரிங் என்ற ஃபங்ஷன் அந்தச் சரத்தைப் படித்து கிளாஸைக் கொண்டுவருகிறது. ஜாவா ஸ்ப்ரிங்கின் எக்ஸ்எம்எல் ஆகட்டும், லாராவெல்லின் கான்ஃபிக் ஆகட்டும், பெரிய ஃப்ரேம்வொர்க்குகள் பலவற்றிலும் இந்த மாதிரி சரத்தால் கட்டிய இணைப்புகள் உண்டு. இங்கெல்லாம் எழுத்தைத் தேடும் கருவிதான் கை கொடுக்கும்.

ஆகவே கிளாஸ் பெயரைத் தேடுவோம்:

ஆர்ஜி -எல் -டி பிஒய் மினிமம்லெங்த்வேலிடேட்டர்

இதில்தான் பொறி இருக்கிறது. புதிய ப்ராஜெக்ட் தொடங்கும்போது ஜாங்கோ உருவாக்கித் தரும் செட்டிங்ஸ் ஃபைலின் அச்சு, கான்ஃப்/ப்ராஜெக்ட்_டெம்ப்ளேட் ஃபோல்டருக்குள் இருக்கிறது. அதன் பெயர் 'செட்டிங்ஸ்.பிஒய்-டிபிஎல்' என்று முடிகிறது. பைத்தான் போலவே இருந்தாலும் பின்னொட்டு வேறு. -டி பிஒய் என்று வகையைக் கட்டுப்படுத்திவிட்டதால் ரிப்கிரெப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நம் கேள்விக்கு மிக முக்கியமான ஃபைல் அதுதான். ஜாங்கோவின் இயல்புநிலை அமைப்புகள் இருக்கும் குளோபல்_செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் அந்தப் பட்டியல் காலியாக இருக்கும். அதை மட்டும் பார்த்தவர் ஜாங்கோ கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். நான்கு வேலிடேட்டர்களும் வரிசையாக நிற்பது டெம்ப்ளேட்டில்தான்.

எனவே என் வழக்கம் இது: வகை வடிகட்டியைச் சத்தம் அதிகமாக இருக்கும்போது மட்டும் போடுவேன். தேடும் சொல் தனித்துவமான பெயர் என்றால் வடிகட்டியே போடாமல் தேடுவேன்.

அப்புறம் கூப்பிடும் இடங்கள். 'டெஃப் வேலிடேட்_பாஸ்வேர்ட்' என்று தேடினால் அந்த ஃபங்ஷன் எழுதப்பட்ட இடம். 'டெஃப்' இல்லாமல் தேடினால் பயன்படும் இடங்கள். ஆத் ஃபோல்டரில் ஃபார்ம்ஸ், அதோடு கிரியேட்சூப்பர்யூசர், சேஞ்ச்பாஸ்வேர்ட் என்ற இரண்டு கமாண்ட் ஃபைல்கள். இந்தக் கடைசி இரண்டும் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. ஃபார்மில் விதியை மாற்றிவிட்டு, டெர்மினல் வழியாக அட்மின் கணக்குத் தொடங்குகிறவரை மறந்துவிடுவது இப்படித்தான் நடக்கிறது. சொல் எங்கோ நடுவில் ஒட்டிக்கொண்டு வருவதெல்லாம் வேண்டாம், தனிச் சொல்லாக வருவது மட்டும் போதும் என்றால் -டபிள்யூ.

கருவி எதை மறைக்கிறது

ரிப்கிரெப்பின் வேகத்துக்கு ஒரு காரணம், அது பலவற்றைப் பார்ப்பதே இல்லை. இது தெரியாமல் 'இல்லை' என்ற பதிலை நம்பக் கூடாது. புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தாண்டிவிடும். அதாவது கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் ஒய்எம்எல் ஃபைல்கள் இருக்கும் '.கிட்ஹப்' ஃபோல்டரும், டேட்டாபேஸ் முகவரி இருக்கும் '.என்வ்' ஃபைலும் அதன் கண்ணில் படாது. கிட்இக்னோரில் இருக்கும் பில்ட் ஃபோல்டர், நோட்_மாட்யூல்ஸ் எதுவும் வராது.

வேண்டும்போது திறக்க -யு. ஒரு யு போட்டால் கிட்இக்னோரை மதிக்காது. இரண்டு யு போட்டால் மறைந்த ஃபைல்களும் வரும். மூன்று போட்டால் பைனரியும் வரும். மறைந்தவை மட்டும் வேண்டும் என்றால் '--ஹிட்டன்' போட்டு, கூடவே -ஜி வழியாக '.கிட்' ஃபோல்டரைத் தவிர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கிட்டின் உள் ஃபைல்களிலும் தேடும்.

ஜாங்கோவிலேயே இதற்கு அழகான உதாரணம் உண்டு. சாதாரணமாக எல்லாரும் வைக்கும் கடவுச்சொற்கள் 20,000 கொண்ட பட்டியல் ஒன்று ஆத் ஃபோல்டரில் இருக்கிறது. ஜிஇசட் வடிவில் சுருக்கப்பட்ட ஃபைல். அதற்குள் இருக்கும் எதையும் வழக்கமான தேடல் காட்டாது. -இசட் போட்டால் சுருக்கத்தை அவிழ்த்துத் தேடும். ஏதாவது எதிர்பாராமல் விடுபடுகிறது என்று சந்தேகம் வந்தால் '--டீபக்' போடுங்கள். எந்த விதியால் எந்த ஃபைலைத் தாண்டியது என்று தானே சொல்லிவிடும்.

தமிழ் எழுத்தைத் தேடும்போது

இதை எந்த ஆங்கிலக் கையேடும் சொல்லாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தமிழ் இடைமுகம் உள்ள ப்ராஜெக்ட்களில் திரையில் தெரியும் தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஃபைலைத் தேடுவோம். ரிப்கிரெப்புக்கு யூனிகோட் நன்றாகவே தெரியும். ஆனாலும் மூன்று இடத்தில் ஏமாற்றும்.

'கடவுச்சொல்' என்பதையே எடுங்கள். அதில் 'சொ' இருக்கிறது. ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: மெய்க்குப் பின்னால் ஒகரத்துக்கென்றே இருக்கும் ஒரே குறி, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகள். திரையில் துளி வித்தியாசமும் தெரியாது. ரிப்கிரெப் இவற்றை ஒன்றாகப் பார்க்காது. நீங்கள் அடித்தது ஒரு விதம், ஃபைலில் இருப்பது இன்னொரு விதம் என்றால் பதில் வராது. 'கோ', 'கௌ' போன்ற எழுத்துகளுக்கும் இதே கதை. அதனால் இந்த எழுத்துகள் இல்லாத துண்டாகத் தேடுங்கள். இங்கே 'கடவுச்' போதும்.

இரண்டாவது, ஜேசன் ஃபைல்கள். பைத்தானின் ஜேசன் மாட்யூல் வேறெதுவும் சொல்லாவிட்டால் தமிழைத் தமிழாக எழுதாது. ஒவ்வொரு குறிக்கும் பின்சாய்வு, யு, நான்கு இலக்கக் குறியீடு என்று மாற்றி எழுதும். பழைய ஜாவா ப்ராபர்ட்டீஸ் ஃபைல்களிலும் இப்படியே பார்த்திருக்கிறேன். அங்கே தமிழ்ச் சொல்லைத் தேடிப் பயனில்லை; அந்தச் செய்தியின் ஆங்கிலச் சாவிப் பெயரைத்தான் தேட வேண்டும். மூன்றாவது, யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட் குறியாக்கத்தில் தட்டச்சு செய்த பழைய ஃபைல்கள். அவற்றில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் இருக்கும். அருகில் வரும் ஐடி, டேபிள் பெயர் ஏதாவது ஒன்றைப் பிடித்துப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

வரலாற்றில் தேடுவது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சம்பந்தப்பட்ட ஃபைல்கள் எவை என்ற கேள்விக்கு மிகச் சரியான பதில், அந்த வசதியை முதன்முதலில் சேர்த்த கமிட்டில், அதாவது கிட்டில் பதிவான மாற்றத்தில், இருக்கிறது. அதைச் சேர்த்தவர் எந்தெந்த ஃபைலையெல்லாம் தொட வேண்டியிருந்ததோ, நாமும் ஏறக்குறைய அவற்றையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

கிட் லாக் -எஸ் மினிமம்லெங்த்வேலிடேட்டர் --ஒன்லைன் --ரிவர்ஸ்

இங்கே பெரிய எஸ். அந்தச் சொல் ஒரு ஃபைலில் வரும் எண்ணிக்கை கூடிய அல்லது குறைந்த கமிட்களை மட்டும் காட்டும். ரிவர்ஸ் போட்டதால் பழையது மேலே வரும். முதல் வரியில் நிற்பது டிக்கெட் எண் 16860-ஐத் தீர்த்த கமிட். 2015-இல் வந்தது, ஜாங்கோ 1.9-இல் வெளியானது. அந்தக் கமிட் எண்ணை எடுத்து 'கிட் ஷோ --ஸ்டாட்' போடுங்கள். ஃபார்ம்ஸ், இரண்டு கமாண்ட் ஃபைல்கள், செட்டிங்ஸ் டெம்ப்ளேட், குளோபல் செட்டிங்ஸ், சுருக்கிய பட்டியல், டெஸ்ட், ஆவணம் என்று நாம் மேலே ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தது அத்தனையும் ஒரே பட்டியலாக வந்து நிற்கும். கூடவே டிக்கெட் எண் இருப்பதால், ஏன் இப்படிச் செய்தார்கள் என்ற விவாதத்தையும் போய்ப் படிக்கலாம்.

ஒரு ஃபைலோடு எப்போதும் சேர்ந்து மாறும் ஃபைல்கள் எவை என்று பார்க்க, 'கிட் லாக் --நேம்-ஒன்லி --ஃபுல்-டிஃப்' போட்டு, இரண்டு ஹைஃபனுக்குப் பிறகு ஃபைல் பாதையைக் கொடுங்கள். ஃபுல்-டிஃப் விட்டுப்போனால் நீங்கள் கொடுத்த ஃபைலின் பெயரே திரும்பத் திரும்ப வரும். பழைய பதிப்பில் ஒரு சொல் இருந்ததா என்று பார்க்கச் செக்அவுட் செய்யவே வேண்டாம். 'கிட் கிரெப் -எல்', சொல், கடைசியில் பதிப்பின் டேக். 1.8 கொடுத்தால் ஒன்றும் வராது, 1.9 கொடுத்தால் வரும்.

சின்னச் சின்ன வசதிகள்

சொல்லே தெரியாமல் ஃபைல் பெயர் மட்டும் பாதி நினைவிருந்தால், 'ஆர்ஜி --ஃபைல்ஸ்' தரும் பட்டியலைப் பைப் வழியாக எஃப்இசட்எஃப்புக்கு அனுப்புங்கள். ஜுனேகுன் சோய் எழுதிய கருவி. அரைகுறையாக நாலு எழுத்து அடித்தாலே பொருந்தும் பெயர்களை மேலே கொண்டுவரும்.

எப்போதும் போடும் ஆப்ஷன்களை ஒரு கான்ஃபிக் ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி, ரிப்கிரெப்_கான்ஃபிக்_பாத் (எல்லாமே பெரிய எழுத்து) என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் அதன் இடத்தைச் சொல்லுங்கள். தானாக எங்கும் போய்த் தேடிக்கொள்ளாது. என் ஃபைலில் ஸ்மார்ட்-கேஸ் கட்டாயம் இருக்கும்: சின்ன எழுத்தில் அடித்தால் பெரியது சின்னது இரண்டும் வரும், ஒரு பெரிய எழுத்து கலந்தாலும் சரியாக அதை மட்டும் தேடும்.

ஏஐ உதவியாளரிடம் கோட் வேலை கொடுக்கிறவர்களும் இப்படிக் கண்டுபிடித்த ஃபைல்களின் பட்டியலை முதலில் தயார் செய்துகொள்ளுங்கள். 'கடவுச்சொல் நீளத்தை மாற்று' என்று மொட்டையாகச் சொல்வதைவிட, ஐந்தாறு ஃபைல் பாதைகளைக் கொடுத்து 'இவற்றைப் படித்துவிட்டுச் சொல்' என்றால் பதிலின் தரமே மாறுகிறது. முக்கியமாக அந்த டெம்ப்ளேட் ஃபைலைப் போல வடிகட்டியில் நழுவுகிறவற்றை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, நம் டிக்கெட்டுக்கான பதில்: உங்கள் ப்ராஜெக்டின் செட்டிங்ஸ் ஃபைலில், மினிமம்லெங்த்வேலிடேட்டர் வரிக்குப் பக்கத்தில் 'ஆப்ஷன்ஸ்' (எல்லாமே பெரிய எழுத்து) என்ற சாவியைச் சேர்த்து மின்_லெங்த் 12 என்று கொடுத்தால் முடிந்தது. கண்டுபிடித்த ஃபைல் பாதைகளையும், எந்தச் சொல்லைத் தேடி அவை கிடைத்தன என்பதையும் டிக்கெட்டிலேயே எழுதிவிட்டு மூடுங்கள். அடுத்து அதே இடத்துக்கு வருகிறவர் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கிக்கொள்வார்.